அவையோர் முகமும் அலர் வாணிகமும்

இசையரங்கைப் பற்றி எழுதும் நம் விமர்சகர் பாடுவோனைப் பற்றி எழுதுவர். பாட்டைப் பற்றி எழுதுவர். பாட்டின் பொருள் உழைக்கும் மக்களுக்கு உகந்ததா, அன்றா என்று தர்க்கிப்பர். கலை யாருக்காக என்ற வினாவை எழுப்பி, அது மக்களுக்காக என்ற விடையை நிலைநாட்டியதில் முற்போக்கு விமர்சனத்துக்கு உரிய பங்கு பெரிது. ஆயின் அந்த மக்கள் அரங்கினுள் வந்து அமர்ந்தபின் அவர்களுக்கு என்ன நேர்கின்றது என்பதைக் கவனித்தோர் மிகச் சிலரே. கேட்க வந்தவன் காட்சிப் பொருளாக்கப்படுவது இன்றைய இசையரங்கின் அன்றாட நிகழ்ச்சி. முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. அவற்றிற் பல மேடையை நோக்குகின்றன. சில அயலிருக்கையை நோக்குகின்றன. பாட்டு முடியுமுன்னரே அயலிருக்கைக்காரரின் கண்ணீரும், ஆட்டமும், அணைப்பும், உறக்கமும் உலகெங்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அவரை எவரும் கேட்டதில்லை.

இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவோர்க்காக, உலகறிந்த ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

2025 யூலை 16ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு அணித்தான பொக்ஸ்பரோவில், ஜில்லெற் விளையாட்டரங்கில், கோல்ட்பிளே என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் நிகழ்ச்சி நடைபெற்றது. அக்குழுவின் நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. கமரா கூட்டத்தினரிடையே அலைந்து சிலரைப் பொறுக்கி எடுக்கும். பொறுக்கப்பட்டோரின் முகம் மாபெருந் திரையிலே தோன்றும். பாடகர் கிறிஸ் மார்ட்டின் அவர்களைப் பற்றி அவ்விடத்திலேயே வரி புனைந்து பாடுவார். அன்றிரவு கமரா ஓர் ஆணையும் பெண்ணையும் கண்டது. அணைத்தபடி நின்ற இருவரும் திரையில் தம்மைக் கண்டதும் திடுக்கிட்டுப் பிரிந்தனர். பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினார். ஆண் குனிந்து மறைந்தார். கள்ள உறவோ, அன்றிக் கூச்சமோ என்று பாடகர் வேடிக்கையாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது. அத்துடன் முடிந்திருந்தால் அது அரங்கினுள் நடந்த சங்கடம், மறுநாள் மறக்கப்பட்டிருக்கும்.

ஆனால் கூட்டத்திலிருந்த ஒருவர் அதைத் தம் கைத்தொலைபேசியிற் பிடித்து ரிக்ரொக்கில் இட்டார். சில நாட்களுள் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். இருவர் யார், எங்கே வேலை செய்கின்றனர், மணமானவர்களா என்பவற்றையெல்லாம் முகமறியாத பெருங்கூட்டம் மணிக்கணக்கிற் கண்டுபிடித்தது. இருவரும் ஒரே நிறுவனத்தின் உயர் அதிகாரிகள். இருவரும் பதவி விலகினர். அருகில் நின்ற மூன்றாமவர் இன்னார் என்று அதே கூட்டம் ஒரு பெண்ணின் பெயரைப் பரப்பியது. அவர் அந்நிகழ்ச்சிக்கே போகவில்லை என்று நிறுவனம் அறிவிக்கவேண்டி வந்தது. அந்த அதிகாரி எழுதியதாக ஒரு மன்னிப்புக் கடிதமும் உலவியது. அது பொய்க் கடிதம். மாதங்கள் கழிந்தபின் அப்பெண் செய்தித்தாள்களிடம் பேசினார். தமக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததையும், தம் பிள்ளைகள் பட்ட பாட்டையும் கூறினார். நாம் அவர்கள் பெயரை இங்கு எழுதவில்லை. எழுதவேண்டிய தேவை எதுவும் இல்லை. உலகம் அறிந்துவிட்டது என்பது நாமும் ஒருமுறை சொல்வதற்கு அனுமதியாகாது.

இவ்விடத்தில் நம் நண்பர் சிலர் குறுக்கிடுவர். "அவர்கள் முதலாளி வர்க்கத்தினர், ஒரு கம்பெனியின் தலைவரும், ஊழியரை வேலைக்கெடுப்பதும் நிறுத்துவதுமான பகுதியின் தலைவியும். அவர்களுக்காக நாம் ஏன் அழவேண்டும்?" என்று கேட்பர். அழவேண்டியதில்லை. அதிகாரிகள் இருவர் தம் அலுவலகத்தில் அதிகாரத்தை எவ்வாறு பிரயோகித்தனர் என்பது அங்குள்ள ஊழியர்கள் எழுப்பக்கூடிய நியாயமான கேள்வி. ஆயின் அக்காணொளி அந்தக் கேள்வியை எழுப்பிற்றா? சம்பளத்தைப் பற்றி, வேலைநேரத்தைப் பற்றி, தொழிற்சங்க உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை பிறந்ததா? பிறந்தது பரிகாசம். பரிகாசத்தில் நிறுவனம் தானும் பங்குகொண்டது: அதே மாதத்திற்குள் அப்பாடகரின் முன்னாள் மனைவியான நடிகை க்வினெத் பால்ட்ரோவைக் கொண்டு ஒரு விளம்பரப் படத்தை வெளியிட்டுத் தன் வியாபாரத்துக்கு ஆள் சேர்த்தது! இருவர் தலை உருண்டது, கம்பெனி உருளவில்லை. எந்த முதலாளித்துவம் இதனால் அடி வாங்கிற்று என்று நம் நண்பர்கள் காட்டுவார்களாயின் நாமும் அறிந்துகொள்வோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெரிய பதவியில் இருந்தோர்க்கு மீண்டெழப் பணமும், வழக்கறிஞரும், பத்திரிகையில் தம் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. அதே திரையில், அதே வகையான காணொளியில், ஒரு தையற்கடைப் பெண்ணோ தோட்டத் தொழிலாளியின் மகனோ அகப்பட்டால் அவர் பக்கத்தைக் கேட்பவர் யார்?

இதில் லாபம் பெறுவோர் வரிசையைப் பார்ப்போம். படம்பிடித்தவருக்குக் கிடைப்பது சில நாட் புகழ். பார்த்தோருக்குக் கிடைப்பது சில கணச் சிரிப்பு. ரிக்ரொக்கும், யூரியூப்பும், முகநூலும் பெறுவதோ விளம்பரப் பணம். கோடிக் கண்கள் ஒரு முகத்தில் நிலைக்கும் நேரத்தை அவை விளம்பரகாரருக்கு விற்கின்றன. அம்முகத்துக்கு உரியவர் ரிக்கற் வாங்கி உள்ளே போனவர். தம் முகத்தை விற்பதற்கு எவரோடும் ஒப்பந்தம் செய்யாதவர். படம்பிடித்தவரும் இத்தொழிற்சாலையிற் கூலியின்றி உழைத்தவரே. இரசிகர் தாமே மற்றொரு இரசிகரைச் சரக்காக்கி, அச்சரக்கைச் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்துவிட்டு வருகின்றார். பண்டமாக்கலின் வரலாற்றில் இதனினும் மலிவான மூலப்பொருளை முதலாளி கண்டதில்லை.

நம் பழைய இலக்கியம் இதனை ஒருவகையில் அறிந்திருந்தது என்றால் மிகைபடக் கூறுவதாகத் தோன்றலாம். பழமையை எதற்கெடுத்தாலும் துணைக்கழைக்கும் பண்டிதர் வழி நமது வழியன்று. எனினும் இங்கே அழைப்பதற்குக் காரணம் உண்டு.

அன்பின் ஐந்திணை பற்றிய பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியத்தின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப்பெயர்களே அகப்பாட்டில் நடமாடும். இவ்விதியின் கண்டிப்பு எத்தகையது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பாசறையிலே துயிலாது உலாவும் அரசனையும், அவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசியையும் நக்கீரர் பாடிய பாட்டு அது. பிரிவின் துயரைப் பேசுவதால் அஃது அகமாகவே தோன்றும். ஆயின் வேலிலே வேப்பந்தார் கட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆளை அடையாளங் காட்டிவிட்டபடியால் இது புறமாயிற்று என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். பெயர் கூறப்படவில்லை, ஊர் கூறப்படவில்லை, ஒரு வேப்பந்தார் போதியதாயிற்று.

பல்கலைக்கழகத்தில் இதைப் படித்த காலத்தில் இலக்கணிகளின் மயிர்பிளக்கும் வாதம் என்று சிரித்தோர் உண்டு. இன்று அவ்வாதத்தின் கூர்மை புலப்படுகின்றது. கூட்டத்தின் நடுவே இருவர் கைகோத்து நிற்பது அகம். அவர் இன்னார் என்று காட்டும் ஒரு குறி அதிற் சேர்ந்தவுடன் அது புறம். பள்ளிச் சீருடையின் கழுத்துப் பட்டி, வேலைத்தலத்தின் அடையாள அட்டை, மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடு, கன்னத்து மறு ஆகிய எதுவும் அவ்வேப்பந்தாரின் வேலையைச் செய்துவிடும். "நான் பெயர் போடவில்லையே" என்று படத்தை இட்டவர் சொல்லும் சமாதானத்துக்கு நச்சினார்க்கினியர் அன்றே பதில் சொல்லிவிட்டார். இப்போது ஒரு முகத்தை அறிய இயந்திரங்களே வந்துவிட்டபடியால், முகந்தான் பெயர்.

அம்பல், அலர் என்ற இரு சொற்களையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல்; வெளிப்படப் பலரும் பேசுவது அலர். ஒன்று அரும்பு, மற்றது விரிந்த பூ. பழைய ஊரில் அரும்பு பூவாவதற்கு நாட்கள் பல சென்றன. அந்த இடைவெளியிலேயே தோழி ஓடினாள், வரைவு கடாவினாள், உடன்போக்குக்கு வழி செய்தாள். அகத்துறைகளிற் பாதி அந்த இடைவெளியில் நிகழ்வன. கைத்தொலைபேசி அவ்விடைவெளியை ஒழித்துவிட்டது. அரும்பு இல்லை, எடுத்த எடுப்பில் பூ. பழைய அலர் ஓர் ஊரின் எல்லையோடு நின்றது, ஆள் ஊர் மாறினால் அதுவும் ஓய்ந்தது. இன்றைய அலர் அழிக்கப்பட்ட பின்னும் எங்கோ ஒரு பெட்டகத்திற் கிடக்கின்றது.

ஆனால் பழைய அலரை நாம் புகழ வரவில்லை. அலர் தூற்றும் ஊர் நல்ல ஊரன்று. அதன் நாக்கு யாரைச் சுட்டது? தலைவனுக்கு அதனால் வந்த கேடு சிறிது. தலைவிக்கோ இற்செறிப்பு, தாயின் கோல், வீட்டுக் காவல். ஆணையும் பெண்ணையும் சமமாகப் பேசுவது போற் காட்டிக்கொண்டு பெண்ணை மட்டும் அடைத்துவைக்கும் கருவியாகவே அலர் இயங்கியது. நமது யாழ்ப்பாணச் சமுதாயத்தில் அத்துடன் சாதியும் சேர்ந்துகொள்ளும். கோயில் திருவிழாவின் இசைக்கச்சேரியில் எந்தப் பெண் எந்தப் பெடியனோடு நின்று சிரித்தாள் என்பது இரண்டு குடும்பங்களின் பகையாகி, அவளுடைய படிப்பு நின்றுபோவதில் முடிந்த கதைகளை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்களா? முன்பு அதற்குச் சாட்சி வேண்டியிருந்தது. சாட்சி பொய் சொல்கிறான் என்று மறுக்கவும் இடமிருந்தது. இன்று காணொளியே சாட்சி. மறுக்க முடியாத சாட்சியைப் பிற்போக்கின் கையிற் கொடுப்பவர் பெரும்பாலும் எந்த வஞ்சமும் இல்லாத இளைஞர்; ஒளிவிளக்கின் அழகில் மயங்கி, "என்ன சனம் பாருங்கள்" என்று இரண்டு வரி எழுதி இட்டவர். விளைவு அவருடைய எண்ணத்தைக் கேட்டு வருவதில்லை.

2024 பெப்ரவரி 9ஆம் தேதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரன் கலந்துகொண்ட நிகழ்ச்சியை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பணம் கொடுத்தோர்க்கு மேடையின் முன்னே ஆசனம், கொடாதோர்க்குத் தடுப்புக்கு அப்பால் நிலம். பெருங்கூட்டம் தடுப்பைத் தாண்டியது, நிகழ்ச்சி குழம்பியது. அடுத்த சில நாட்கள் இணையமெங்கும் அந்த இளைஞர்களின் படங்கள் பரவின. ஒழுங்கற்றவர், நாகரிகமற்றவர், யாழ்ப்பாணத்தின் மானத்தைக் கெடுத்தவர் என்று தூற்றியோரிற் பெரும்பாலோர் மத்தியதர வர்க்கத்துக் கனவான்கள். அமைப்பாளர் எவ்வளவு கூட்டத்தை எதிர்பார்த்தனர், ஆசனங்களை வகுத்த முறை நியாயமானதா, பாதுகாப்பு ஒழுங்கு போதுமானதா என்ற கேள்விகள் சிறிது கேட்கப்பட்டு, முகங்களின் வெள்ளத்தில் அமிழ்ந்துபோயின. திட்டமிட்டோரின் பொறுப்பைத் தெரியாமற் செய்வதற்குக் கூட்டத்தில் ஒருவனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதைப்போலச் சிறந்த வழி வேறில்லை.

அப்படியாயின் பொதுவிடத்திற் படம்பிடிப்பதே தவறு என்று கூறுகின்றோமா? இல்லை. இங்கு மிகத் தெளிவாக இருக்கவேண்டும். 2020 மே 25ஆம் தேதி மினியாபொலிஸ் நகரின் தெருவில் பொலிஸ்காரன் ஒருவன் ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத்தவரின் கழுத்தை முழங்காலால் நசுக்கிக் கொன்றதை உலகம் அறிந்தது பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அதைத் தன் கைத்தொலைபேசியிற் பிடித்ததனாலேயே. 2021இல் புலிட்சர் குழு அவளுக்குச் சிறப்புக் கௌரவம் அளித்தது. அவள் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. அதிகாரம் தன் சீருடையோடு தெருவில் நிற்கும்போது அதற்கு அந்தரங்கம் கிடையாது. இசையரங்கிலேயே காவலாளி ஒருவன் இரசிகனை அடித்தால் அதையும் படம்பிடிக்கத்தான் வேண்டும்.

அதே நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்திற் பாட்டும், கூத்தும், கூட்டமும் இருந்தன. ஆயிரமாயிரம் படங்கள் தோழமையோடு எடுக்கப்பட்டன, உற்சாகத்தோடு இடப்பட்டன. போராட்டம் ஒடுக்கப்பட்டபின் பொலிஸார் படங்களை வெளியிட்டு, இவர்களை அடையாளங் காட்டுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டனர். ஜனாதிபதியின் கொடியைக் கட்டிலில் விரித்த தொழிற்சங்கவாதி ஒருவர் பரவிய காணொளி காரணமாகக் கைதானார். கொண்டாட்டத்தில் எடுக்கப்பட்ட முகம் குற்றப்பத்திரிகைக்குப் போய்ச்சேரும் தூரம் மிகக் குறைவு. இதை அறிந்த இயக்கம் எதுவும் தோழரின் முகத்தை அலட்சியமாக வெளியிடாது.

பிற நாட்டார் என்ன செய்தனர் என்பதையும் சுருக்கமாகக் காண்போம். ஜேர்மனியில் பிஸ்மார்க் 1898இல் இறந்தபோது இரு படப்பிடிப்பாளர் இரவில் உள்ளே நுழைந்து சடலத்தைப் படம்பிடித்துவிட்டனர். அதனால் எழுந்த கொதிப்பின் பின்னணியில், 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரின் உருவப்படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்பலாகாது என்று விதித்தது. பொதுக் கூட்டங்களின் படத்துக்கும், காட்சியின் ஓரத்தில் தற்செயலாக அகப்பட்டோரின் படத்துக்கும் அச்சட்டம் விலக்களித்தது. அவ்விலக்கும் படத்திலிருப்பவரின் நியாயமான நலனை மீறக்கூடாது என்றது. கூட்டத்தைக் காட்டுவது வேறு, கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கிக் காட்டுவது வேறு என்ற இந்த வேறுபாடு நூறாண்டுக்கு மேற்பட்டது, இன்றும் பயனுள்ளது.

கலைஞர் சிலரும் தடைகளை விதிக்கின்றனர். கேற் புஷ் என்னும் ஆங்கிலப் பாடகி 2014இல் நெடுங்காலத்தின்பின் மேடையேறியபோது படம்பிடிக்க வேண்டாம் என்று இரசிகரைக் கேட்டுக்கொண்டார். பொப் டிலன் அண்மைக்காலச் சுற்றுப்பயணங்களில் கைத்தொலைபேசிகளைப் பூட்டிய பைகளில் இடும்படி செய்கின்றார். இவை வரவேற்கத்தக்கவையாயினும் பெரும்பாலும் மேடையின் பொருட்டும் இரசனையின் பொருட்டும் எழுந்தவை. இரசிகர் நலன் அதனால் காக்கப்படுமாயின் அது உடன்விளைவு. ஆடுவோரின் பொருட்டே எழுந்த விதியைக் காண பேர்லின் நகரின் இரவு நடனக் கூடங்களுக்குப் போகவேண்டும். அங்கே வாயிலிற் கமராக் கண்ணின்மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுகின்றனர். வெளியுலகிற் பழிக்கப்படும் தற்பாலினத்தவரும் பிறரும் அஞ்சாமல் ஆடுதற்கு அமைந்த இடங்கள் அவை. ஒட்டுத்தாளின் விலை அற்பம். அது காப்பது ஒருவரின் தொழிலையும் குடும்பத்தையும்.

பொக்ஸ்பரோ சம்பவத்தின்பின் கோல்ட்பிளே செய்தது என்ன? மூன்று நாள் கழித்து மடிசன் நகர நிகழ்ச்சியில் பாடகர் கூட்டத்தை எச்சரித்தார்: கமரா வரப்போகிறது, ஒப்பனை செய்யாதவர் இப்போதே செய்துகொள்ளுங்கள் என்ற பாங்கில். எல்லோரும் சிரித்தனர். கமராவை மேடைக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. கேட்க வந்தவன் நடிக்கத் தயாராகவேண்டும் என்பதே அந்நகைச்சுவையின் உட்பொருள். இது இசையின் தன்மையையே மாற்றுவதாகும். விடியவிடிய நடைபெறும் நாட்டுக்கூத்தில் பாயை விரித்துப் படுத்துக் கிடந்து, இடையில் விழித்து, அழுது, மீண்டும் உறங்கிய பார்வையாளன் எவரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நிம்மதியில் அழுதான். அழுகைக்கும் ஆட்டத்துக்கும் அவ்விருள் வேண்டும். தன்மேற் கண் இருப்பதை அறிந்தவன் பாட்டைக் கேட்பதிற் பாதியைத் தன் முகத்தைக் காப்பதிற் செலவிடுகின்றான்.

சட்டம் இதைத் தீர்க்குமா? நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதன் நோக்கு பெரும்பாலும் நிறுவனங்கள்மீது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உண்டு. கருத்துரிமையை நெரிக்கும் கயிறென்று பத்திரிகையாளரும் மனித உரிமை அமைப்புகளும் அதை எதிர்த்தது நியாயமே. இரசிகரைக் காக்கும் சாக்கில் அரசின் கையில் இன்னொரு தடியைக் கொடுக்க நாம் தயாரில்லை. அத்தடி முதலில் விழுவது காலிமுகத்திடலிற் படம்பிடித்தவர் முதுகிலேயே. ரிக்கற்றின் பின்புறத்தில் பொடி எழுத்தில், உள்ளே நுழைந்தால் படம்பிடிக்கச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்று அச்சிட்டுவிட்டுக் கைகழுவும் அமைப்பாளரின் தந்திரத்தையும் சம்மதம் என்று ஏற்பதற்கில்லை. பசித்தவன் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தத்தை நாம் சுதந்திர ஒப்பந்தம் என்று ஏற்றதுண்டா?

ஆகவே இது நம் கையிலுள்ள வேலை. பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துவோர் நாமே. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு நிமிட அறிவிப்புச் செய்யலாம்: மேடையைப் பிடியுங்கள், அயலவரின் முகம் அடையாளந் தெரியும்படி அகப்பட்டால் அவரைக் கேளாமல் வெளியிடாதீர்கள், எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்டால் காரணம் கேட்காது எடுத்துவிடுங்கள். கூலிக்கு அமர்த்தும் வீடியோக்காரருக்கும், கூட்டத்துக்குள் கமராவைத் திருப்பினால் தூரத்திலிருந்து திருப்பும்படி சொல்லலாம். படமே வேண்டாதவர் அமர்வதற்கு மண்டபத்தின் ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். மாணவியரின் முகத்தை மன்றத்தின் முகநூற் பக்கத்தில் இடுமுன் அவர்களையே கேட்கலாம். அதிபரையும் பெற்றோரையும் கேட்டுவிட்டு அவர்களைக் கேளாது விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வாண்டு விழாவின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் மன்றக் கூட்டத்தில் இவற்றை வைத்துத் தர்க்கிக்க இன்னும் நேரம் இருக்கின்றது.